தவிட்டுக்காரர் வந்த ஞாயிறு

மார்ச் 4

என் மகனுக்கு,

அன்றைக்கு அந்த ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் "நான் அங்கே இல்லையே" என்று கையை உதறக் கூடாது. நீ இருந்தாய், சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. உன் பெண்டாட்டி நர்ஸம்மா இருந்தாள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, ட்யூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில். உன் அக்கா இருந்தாள், வாயில் பாதி வாழைப்பழம். உன் ஆபீஸ் கூட்டாளி தாடிக்காரன் இருந்தான், அவன் மட்டும் கதவுக்கு வெளியே. நான் சாப்பாட்டு மேசைப் பக்கம் இருந்தேன். நடுவில் உன் மகள் குட்டி நின்றாள். ஆறே பேர்.

குட்டி பீன்ஸை ஒதுக்கி வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். நீ சொன்னாய், "உன்னை நாங்க பெத்தோமா என்ன? தவிட்டுக்கு வாங்கினது. சாப்பிடாட்டி தவிட்டுக்காரர் வந்து திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு." அது நம் வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் சொல்கிற கேலிதான். அதோடு விட்டிருந்தால் நான் இந்தப் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் தாடிக்காரன், தோளில் சாக்கு, தலையில் துண்டு. "தவிடு கொண்டாந்துட்டேன் சார். பாப்பா ரெடியா?" என்றான். முன்னாலேயே பேசி வைத்திருக்கிறீர்கள். சாக்குக்கு எங்கேடா போனீர்கள், அந்த அடுக்குமாடியில்?

குட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உன் அக்கா சிரித்துப் புரையேறிக் கிடந்தாள். நர்ஸம்மா "போதும், விடுங்க" என்றாள், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள், நான் மறக்கவில்லை. குட்டி கடைசியில் உன்னைத்தான் பார்த்தாள். நீ போனைத்தான் பார்த்தாய்.

அழுவாள் என்று காத்திருந்தீர்கள். அழவில்லை. உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்து வந்தாள். உட்கார்ந்து ஷூ மாட்டினாள், வாரை இழுத்துப் பூட்டினாள். அந்தத் தாடிக்காரனிடம் கையை நீட்டினாள். திரும்பி "போறேன்" என்றாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை, எட்டு வயசுப் பிள்ளை.

என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்து வருவதற்குள் லிப்ட் வாசலுக்குப் போய்விட்டார்கள். அங்கே வைத்துத்தான் பிடுங்கி அணைத்தேன். அப்புறமும் உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்றைக்கு மருந்துக் கடைப் பையன் மாத்திரையை எண்ணிப் போட்டுவிட்டு, "பாட்டி, இது உங்க பேத்தியா? செம காமெடி" என்று போனைக் காட்டினான். பாட்டெல்லாம் போட்டிருக்கிறது. யாரோ சிரிக்கிற சத்தம் வேறு சேர்த்திருக்கிறது. நான் வந்து அணைத்ததை மட்டும் காணோம். வெட்டி எடுத்துவிட்டாய். பார்க்கிறவனுக்கு அந்தப் பிள்ளை போய்க்கொண்டே இருக்கிறாள், தடுக்க ஒரு நாதி இல்லை.

ரெண்டு வேலை செய். அந்தப் படத்தை எடுத்துவிடு. குட்டியை உட்கார வைத்து, "அப்பா சொன்னது பொய்" என்று உன் வாயால் சொல்லு. போனில் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். போனில் நீ பேச்சை மாத்திவிடுவாய். தாளில் என் பேச்சுக்கு நடுவில் நீ புக முடியாது.

உன் அம்மா

*

மார்ச் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், ஞாபகம் இருக்கட்டும். பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, என் கையெழுத்தைப் பார்த்து நீங்கள் சிரிக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதெல்லாம் இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிற விளையாட்டும்மா. குட்டி மறுநாளே மறந்துவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், பீன்ஸ் உட்பட.

நான் அவளைப் பத்திரமாக வளர்க்கவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? அவள் கையில் இருக்கிற கடிகாரம் அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குச் சொல்லும். ஹாலில் கேமரா, அவள் அறையில் கேமரா. முனைக் கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. பக்கத்து வீட்டில் பிஸ்கட் கொடுத்தால்கூட வாங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். காலம் அப்படி இருக்கிறது. உங்கள் காலத்தில் நாங்கள் தெருவில் கிடந்து வளர்ந்தோம், இப்போது முடியுமா?

தவிட்டுக் கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். நான் என்ன கெட்டா போய்விட்டேன்?

இன்னொன்று. படம் எடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டோடு வைத்துக்கொள்ளத்தான் எடுத்தேன். ஊருக்குப் போட்டது உங்கள் மருமகள். அவளுக்கு அந்த ஆசை உண்டு. எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகன்

*

மார்ச் 15

மகனே,

தெரியும். நல்லாத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் மடித்து அடுக்கிய துணியை எல்லாம் என் கண் எதிரிலேயே பிரித்து, மறுபடி மடித்தவள் அவள். கேட்டதற்கு "ஆஸ்பத்திரியில இப்படித்தான் அத்தை மடிப்போம்" என்றாள். என் வீடு என்ன ஆஸ்பத்திரியா, நான் என்ன நோயாளியா? அன்றைக்கே நினைத்தேன், இவள் ஒருநாள் என் குடும்பத்தையும் பிரித்து மடிப்பாள் என்று. ஊரான் பிள்ளைக்கு ஊசி போடும்போது "வலிக்காதும்மா" என்று கொஞ்சுகிறவள், பெற்ற பிள்ளையைச் சந்தியில் நிறுத்தி வேடிக்கை காட்டுகிறாளா? அவளிடம் சொல், என் வாசலை மிதிக்க வேண்டாம்.

உனக்கும் பதில் இருக்கிறது. நானா தவிட்டுக் கதை சொன்னேன்? சொன்னேன். நீ என் மடியில் கிடந்தாய், உன் தலையில் என் கை இருந்தது. "அப்போ என்னைத் திருப்பிக் கொடுத்துடுவியா?" என்று கேட்டாய். "உலகத்துத் தவிடு பூரா கொட்டினாலும் தர மாட்டேன்"னு சொன்னேன். கதையே அந்தக் கடைசி வரிக்குத்தான்டா. நீ பாதியைச் சொல்லிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். அதுவும் நான் சொன்னபோது வாசலில் ஒருத்தன் சாக்கோடு வந்து நிற்கவில்லை.

கேமராவாம், கடிகாரமாம். போன தடவை நான் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றதற்கு, "அம்மா, உங்களுக்கு ரோடு கடக்கத் தெரியாது, ஏதாச்சும் ஆயிட்டா யார் பொறுப்பு?" என்று உன் பெண்டாட்டி எதிரில் கேட்டாய். உங்களை மூணு பேரையும் ரெண்டு கையால் பிடித்து அத்தனை ரோடும் கடந்தவள் நான். கதவுக்கு மூணு பூட்டுப் போட்டுவிட்டு, சுவரையே இடித்துத் தெருவை உள்ளே பார்க்க வைத்திருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரி கொடுக்கிற பிஸ்கட் ஆகாது. முகம் தெரியாத லட்சம் பேர் அவள் ஷூ மாட்டுவதைப் பார்க்கலாம். அவள் பையில் பள்ளிக்கூடத்துப் பேர் தைத்திருக்கிறதே, அதையாவது பார்த்தாயா?

குட்டி மறந்துவிட்டாள் என்கிறாய். உன் அக்கா வந்திருந்தாள். குட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பை எப்போதும் இருக்கிறதாம். பல் தேய்க்கிற பிரஷ், கலர் பென்சில், ஒரு கவுன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைத் "தவிடு" என்று கூப்பிடுகிறார்களாம். அதுவும் உனக்குத் தெரியுமாம்.

எடுக்கச் சொல். பெண்டாட்டியிடம் ஆம்பிளை மாதிரி ஒரு தடவை பேசு.

உன் அம்மா

*

மார்ச் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அக்கா உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியாழக்கிழமை பள்ளி வாசலில் ஒரு சின்னக் குழப்பம். வீடியோ பார்த்த யாரோ ஒருத்தர் குட்டியை அடையாளம் கண்டு பேசியிருக்கிறார். ரசிகர் மாதிரி, வேறொன்றும் இல்லை. குட்டி பத்திரமாக இருக்கிறாள். அன்றைக்குப் பார்த்துக் கடிகாரத்தில் சார்ஜ் இல்லை, புதிதாக ஒன்று வாங்கப்போகிறேன்.

வீடியோவை எடுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் மருமகள்தான் கேட்க மாட்டேன் என்கிறாள். என் கையில் என்ன இருக்கிறது?

வீட்டில் கொஞ்சம் சண்டை. அவள் உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்களாவது என் பக்கம் இருங்கள்.

உங்கள் மகன்

*

மார்ச் 29

உனக்கு,

அவள் வந்தாள். குட்டியையும் கூட்டிக்கொண்டு, ரெண்டு பெட்டியோடு. உன் கடிதம் வந்த அன்றைக்கே, தபால்காரர் முதுகு மறைவதற்குள்.

நான் வாசலை மறித்து நின்றேன். "ஊருக்குப் போட்டவளுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டேன். "யாரு அத்தை போட்டது?" என்றாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினாள். வட்டத்துக்குள்ளே உன் மூஞ்சி, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு. அதற்குக் கீழே குட்டி. குட்டி சோறு சாப்பிடுவது, குட்டிக்குக் காய்ச்சல் கண்டது, குட்டி பல் விழுந்து அழுதது. ஒரு வருஷமாக நடக்கிறது. "எனக்கு அதுல அக்கவுன்ட்டே இல்ல அத்தை. நான் ட்யூட்டிக்குப் போன நேரமெல்லாம் எடுத்திருக்காரு. நீங்க சொன்னாலாவது கேப்பாருன்னு நினைச்சேன். என்மேலயே போட்டுட்டாரா?" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை நடந்ததையும் சொன்னாள். நீ குழப்பம் என்று எழுதினாயே, அது. பள்ளி விட்டதும் ஒருத்தன் வந்து, "பாப்பா, நான்தான் தவிட்டுக்காரர், அப்பா அனுப்பிச்சாரு" என்றிருக்கிறான். குட்டி கையை நீட்டியிருக்கிறாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனோடு நடந்திருக்கிறாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு முரண்டு இல்லை. வாசலில் இருந்த ஆயாம்மா, "யாருடா கண்ணு இது?" என்று கேட்டதற்கு, "தவிட்டுக்காரர். எங்க வீட்டுல தெரியும்" என்று பதில் சொன்னாளாம். ஆயாம்மா அவன் சட்டையைப் பிடித்துக் கத்தினாள். அவன் உதறிக்கொண்டு ஓடிவிட்டான். ரசிகன் எதற்குடா ஓடுகிறான்?

தெரியாத ஆளோடு போகக் கூடாது என்று நீ சொல்லி வைத்திருந்தாய். அவளுக்கு அவன் தெரியாத ஆள் இல்லை. தெரிந்தவன் ஆக்கியது நீ. அப்பா சிரித்துக்கொண்டு நிற்க ஒருத்தனோடு கிளம்பிப் போவது எப்படி என்று ஒத்திகை பார்த்துக் கொடுத்தாய்.

அன்று ராத்திரியே நர்ஸம்மா உன்னிடம் எடுக்கச் சொன்னாளாம். நீ, "இப்பதான் நல்லாப் போகுது, இன்னும் ஒரு வாரம் பொறு" என்றாயாம். இதை அவள் என்னிடம் சொல்லும்போது குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருத்தர் செத்த நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மறுநாள் காவல் நிலையத்துக்கு அவளே போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அப்புறம் படம் காணாமல் போயிருக்கிறது. நீ எடுத்தாயா, அவர்கள் எடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் அதிகம், மறதி கம்மி. உலகத்துக்கே தெரியும், உனக்கும் தெரியும். என் கோபத்தை நான் காவல் நாய் மாதிரி வளர்த்தேன். நீ அதற்குத் திருட்டுத்தனமாகச் சோறு போட்டு, உன் பெண்டாட்டி மேல் ஏவிவிட்டாய். கிழவி கேள்வி கேட்க மாட்டாள், மருமகள் என்றால் குரைப்பாள் என்று தெரிந்துதானே? குரைத்தேன். பிள்ளை ஆபத்தில் கிடந்த நாளெல்லாம் தப்பான ஆளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா வந்து குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாடிக்காரன் நேற்று வந்தான், தாடியை மழித்துவிட்டு. குட்டி எதிரில் மண்டியிட்டு, "பாப்பா, நான் தவிட்டுக்காரன் இல்லம்மா. உங்க அப்பாவோட வேலை பாக்குறவன். சும்மா நடிச்சேன்" என்றான். குட்டி யோசித்தாள். "அப்ப ஸ்கூல் கேட்டுக்கு வந்தவருதான் நெஜமா?" என்று கேட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வாசலில் நின்று அவன் தேம்பினது தெருவுக்கே கேட்டது.

நான் சொன்னேன், நெஜம்னு யாரும் இல்லை கண்ணு, உன்னை உங்கம்மா பெத்தா, நான் கூடவே இருந்தேன், ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி அழுதே என்று. தலையை ஆட்டினாள். "அப்பா அப்படிச் சொல்லலையே பாட்டி" என்றாள்.

அதனால் நீ வரத்தான் வேண்டும். போனை வீட்டில் வைத்துவிட்டு வா. அவளிடம் சொல்ல வேண்டியதை உன் வாயால் சொல்லு. அவள் நம்புகிற வரைக்கும் சொல்லு, எத்தனை தடவை ஆனாலும். நர்ஸம்மா உன்னைச் சேர்த்துக்கொள்வாளா என்பது அவள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். அவள் இந்த வாரம் முழுக்க என் துணியை ஆஸ்பத்திரி மாதிரிதான் மடித்து வைக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை நான்.

சொல்லி முடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து என் பக்கம் திரும்பாதே. உன் அக்கா சிரித்தாள், அது அவள் புத்தி, ஆறிவிட்டது. தாடிக்காரன் கூலி இல்லாத வேஷக்காரன், அவனையும் விட்டுவிட்டேன். கேட்டுக்கு வந்தவன் யாரோ, அவனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். அவன் நான் நம்பி வளர்த்தவன் இல்லை, அவன்மேல் எனக்கு வருத்தம் எங்கிருந்து வரும்?

அந்த ஹாலில் பிள்ளை கடைசியாகப் பார்த்தது ஒரு முகத்தை. "போகாதே" என்று ஒரு வார்த்தைக்காக நின்றாள், நான் பார்த்தேன். என் கட்டை வேகிற வரைக்கும் நான் மன்னிக்கப்போவதில்லை என்கிற ஆள் ஒரே ஒருத்தர்தான்.

குட்டியின் அப்பா.

இப்படிக்கு,
குட்டியின் பாட்டி