கோட்டில் உட்காராத புள்ளிகள்

தேனி பஸ் ஸ்டாண்டில் இன்று வாங்கிய கடலைப் பொட்டலம் ஒரு கிராப் தாள். பி.யு.சி. படித்த எவனோ எடைக்குப் போட்ட ரெக்கார்டு நோட்டு. அடியில் வெப்பநிலை, பக்கவாட்டில் காற்றின் அழுத்தம். ஏழு புள்ளிகளும் சாய்ந்த கோட்டில் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. பார்த்ததும் உன்மேல்தான் எரிச்சல் வந்தது.

நீயும் நானும் ஒரே கருவியில்தான் அந்தச் சோதனையைச் செய்தோம். காற்றடைத்த கண்ணாடிக் குமிழைத் தண்ணீரில் வைத்துச் சூடாக்கி, பாதரசத்தின் உயரத்தை நீ படித்துச் சொல்ல, நான் எழுதினேன். அறுபது டிகிரி வரை ஒழுங்காக ஏறிய அழுத்தம், அதன் பிறகு சுணங்கியது. குமிழோடு மாட்டியிருந்த ரப்பர் குழாயில் வெடிப்பு. அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதுவது நம் கல்லூரி வழக்கம்.

"ஏலே, முதல்ல கோட்டைப் போடு, அதுமேல புள்ளியை வையி. பாஸாகிட்டு அப்புறம் யோக்கியனா இரு" என்றேன்.

"காத்து வெளிய போகுதுல்ல. போகலைன்னு எப்படிலே எழுதுறது?"

எஸ்டேட் கூலிக் குடியிருப்பான லயத்திலிருந்து படிக்க வந்தவன் நீ ஒருவன். பெயிலானால் உதவித்தொகை நிற்கும் என்பது உனக்குத் தெரியாதா?

தேர்வில் உன் கோடு மேலே போய் வளைந்தது. சார் தாளைத் தூக்கிக் காட்டி, "கொழுந்து கிள்ளுற வீட்டுப் பிள்ளைகிட்ட கருவியைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். குழாயை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அதே குழாயில் எனக்கு முழு மதிப்பெண். நீ மேகமலைக்கே திரும்பிப் போய்த் தேயிலை மூட்டை தூக்கினாய். ஒரே ஒரு பொய்க்கோடு போட்டிருக்கலாம் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காய்ச்சலில் நீ போன செய்தி கேட்டு மலையேறி வந்தேன். உன் அப்பா சொன்னார்: "கம்பவுண்டர் வாசல்லயே நின்னு, மாத்திரை போட்டாச் சரியாயிரும்னுட்டுப் போயிட்டாகப்பா. மூணு நாளா ஒருத்தரும் தொட்டுப் பாக்கல."

எஸ்டேட் மருந்தகத்தில் சண்டை போட்டு, கம்பவுண்டர் எழுதும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். உன் பெயருக்கு நேரே மூன்று நாளுக்கும் காய்ச்சல் அளவு இருந்தது. நூற்றிரண்டு, நூற்றொன்று, நூறு. ஒரே சீராக இறங்கியிருந்தது. நான்காம் நாள் நீ இல்லை.

அது பொய்யென்று கண்டுகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நானும் அப்படி எழுதித்தான் பாஸானவன்.