உப்புக்கு மூன்று புள்ளி

கொல்லம் ஆண்டு 1128, மார்கழி 9

காலையில் நல்ல பனி. துணி காயவில்லை. வடசேரிச் சந்தையில் அவர் வாங்கித் தந்த சின்னக் கலயங்களில் பூசிய காவி காய்ந்துவிட்டது. இன்று சுண்ணாம்பு வேலை. அரிசிமாவும் வேப்பம்பிசினும் சேர்த்துக் குழைத்தால் கட்டியாக நிற்கிறது. காய்ந்தபின் விரலில் தட்டுப்படும்.

உப்பு – மூன்று புள்ளி.
புளி – வளையம்.
கற்கண்டு – பூ.
படிகாரம் – சாய்ந்த கோடு. (கற்கண்டும் இதுவும் கைக்கு ஒன்றுதான். ஜாக்கிரதை.)
சலவைச் சோடா – பெருக்கல் குறி, பெரிதாக.
ஊசி, நூல், பொத்தான் – பாம்பு வளைவு.
விளக்குத் திரி – ஒன்றும் வேண்டாம்.

மாமியார் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, கடை போடப் போறியா?" பக்கத்து வீட்டுக்காரியும் வந்து கைவேலைக்காரி என்று மெச்சிவிட்டுப் போனாள். மெச்சட்டும். அழகுக்குச் செய்தது என்றே ஊர் நினைக்கட்டும்.

உச்சிவெயிலில் முற்றத்தில் உட்கார்ந்தால்தான் எழுத முடிகிறது. அதுவும் புகைக்குள் பார்ப்பதுபோல. வரிக்கு அடியில் நூல் பிடித்து, கொட்டை எழுத்தில். வெயில் சாய்ந்தால் அவ்வளவுதான்.

மார்கழி 12

வெயில். அவித்த நெல் காயப்போட்டேன். சித்தி நினைப்பாகவே இருக்கிறது.

சித்திக்கும் கண்ணில் இப்படித்தான் ஆரம்பித்தது. "ஒரு மாசம் அப்பன் வீட்டுல இருந்து வைத்தியம் பாக்கட்டும்" என்றுதான் அனுப்பினார்கள். அடுத்த முகூர்த்தத்தில் சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம். மகனைச் சித்தியோடு அனுப்பவில்லை. போன கொடைத் திருவிழாவுக்குக் கோவிலில் அவன் சித்தியை "இது யாரு?" என்று கேட்டான்.

ஆவணியில் அப்பா கோட்டாற்று வைத்தியரிடம் கூட்டிப்போனார். போனது வராது, இருக்கிறதும் நிற்காது என்றார் அவர். இந்த வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன்.

வள்ளிக்கு ஐந்து வயது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மா முகம் எத்தனை நாள் ஞாபகம் இருக்கும்? கண் போனால் போகட்டும். பிள்ளை போகக்கூடாது.

மார்கழி 17

காலையில் மேகமூட்டம், இப்போதுதான் வெயில். கலயங்கள் இல்லாவிட்டால் செத்தேன்.

கிணற்றடியில் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கால் இடித்தால் அதற்குமேல் நடக்கக்கூடாது. பின்வாசல் படி ஓரம் ஒன்று, துளசி நட்டு. தொழுவத் தூணில் ஒன்று தொங்குகிறது, உள்ளே சாம்பல். அடுக்களையில் விரலால் தடவி எடுக்கிறேன். ஊசியில் நூல் கோக்க வள்ளி. அவளுக்கு அது விளையாட்டு.

துளசிக் கலயத்தில் அவர் இடித்துக்கொண்டார். "வழியில என்னத்துக்குட்டி இது?" என்று நகர்த்தி வைத்தார். அவர் போனதும் திரும்ப வைத்தேன்.

ரசம் நன்றாக இருக்கிறதாம். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்றேன்.

மார்கழி 22

ஆரல்வாய்மொழியிலிருந்து மைனி வந்தாச்சு. அவருக்கு அக்கா. பொங்கல் வரை இருப்பாள். தங்கமான மனசு, ஆனால் கை சும்மா இராது. வந்த அன்றே வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள்.

மார்கழி 24

ஐயோ.

கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன். மைனி வாசலிலேயே கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உனக்கு ஒரு வேலை மிச்சம் பாத்துக்கோ. கட்டி கட்டியா அசிங்கமா இருந்துது. எல்லாத்தையும் சொரண்டிப் போட்டு ஒண்ணுபோல தாமரை வரைஞ்சிருக்கேன். எப்டி இருக்கு?"

தடவினேன். வழவழ. அடுத்தது வழவழ. எல்லாம் வழவழ. வெள்ளையடிக்க இறக்கினதில் வரிசையும் மாறிவிட்டது.

"ரொம்ப அழகு மைனி."

அவள் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. பாவம், பொங்கலுக்கு வீடு நன்றாக இருக்கட்டும் என்று முதுகு ஒடிய வரைந்திருக்கிறாள்.

மார்கழி 25

நாக்கு வெந்திருக்கிறது. சோறு இறங்கவில்லை.

வள்ளிக்கு இருமல், கற்கண்டு கேட்டாள். உப்பும் புளியும் கை சொல்லிவிடும். கற்கண்டு, படிகாரம், சோடா எது எது? ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோடா சுட்டது. துப்புவதற்குள் வள்ளி கூடத்துக்கு ஓடினாள். "ஆச்சி, அம்மா எல்லாக் கலயத்தையும் நக்கிப் பாக்கா!"

மாமியார் சிரித்தாள். மைனி சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் வரைஞ்ச தாமரை என்ன நெறம்? சொல்லு."

"சிவப்பு."

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நீலம்ட்டி. நீலம்."

மார்கழி 27

நல்ல வெயில். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.

நேற்று முழுக்கக் கூடத்தில் குசுகுசு. இன்று அவர் வந்து சொன்னார். "ஒரு மாசம் அப்பா வீட்டுல இருந்து வைத்தியம் பாரு. பிள்ளை இங்கன இருக்கட்டும். உன்னால அவளையும் பாக்க முடியாதுல்லா."

அதே ஒரு மாசம்.

காலில் விழுந்தேன். வெட்கம் பார்க்கவில்லை. "வள்ளியை என்கூட விடுங்கோ. அவதான் எனக்குக் கண்ணு." மைனிதான் தூக்கி உட்கார வைத்தாள். அவளுக்காவது மனசு இருக்கிறது. என்ன புண்ணியம், அவள் பேச்சு இங்கே எடுபடாது.

"ஒரு மாசம் கழிஞ்சு வந்து கூட்டிட்டுப் போவேளா?" என்று கேட்டேன்.

"போவேன். பின்ன?"

முன்னெல்லாம் முகத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், மனுஷன் உள்ளே என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிடும். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

நாளைக் காலையில் வண்டி. சேலை மடித்தாச்சு. வள்ளி மடியில் படுத்திருக்கிறாள், இருமல் கொஞ்சம் தேவலை. அவளிடம் கேட்டேன். "நான் கேட்டப்ப அப்பா மூஞ்சி எப்டி இருந்துது மக்கா?"

"தெரியல்லம்மா. அப்பா செவரைப் பாத்து நின்னாவ."