சலூன் நாற்காலியில் அம்மா

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் சுகம். அம்மாவும் சுகம், ஆனால் அது கரண்ட் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மானியத்தில் நம் மாடியில் போட்ட சோலார் பேனல், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்று கரண்ட் ஆபீஸ் பொறியாளரம்மா நேற்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பழுது இல்லையாம், அமைப்பே அப்படியாம். நீங்க பாட்டுக்கு லைன்ல கரண்டை அனுப்பினா கம்பத்துல ஏறி நிக்கிற எங்க ஆள் என்ன ஆவான் சார் என்று கேட்டார். நியாயம்தான், கோபப்படக்கூட இடம் வைக்கவில்லை. பேட்டரி இருந்தால் ஓடும், ஆனால் அதற்கு மானியம் கிடையாது, அது வசதிப் பொருளில் வருகிறது என்றார். உன் அம்மா மூச்சு விடுவது வசதியில் சேர்த்தி என்று இத்தனை வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

மானியம் இல்லாவிட்டால் பேனலை நாம் நினைத்தே பார்த்திருக்க முடியாது, அதை மறைக்கவில்லை. பில்லும் பாதியாகிவிட்டது. ஆனால் பில்லுக்காகவா போட்டோம், மத்தியானம் கரண்ட் கட் ஆகும்போது அவளுடைய ஆக்சிஜன் மெஷின் நிற்கக் கூடாதென்றுதானே. மாட்ட வந்தவர் இனிமே கவலையே வேணாம் சார் என்றார். அதை நம்பி, மெஷினுக்கென்று வைத்திருந்த பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அன்றைக்கே பக்கத்துச் சலூன்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நமக்கு இனி சூரியனே இருக்கு என்று பெரிய மனுஷன் பேச்சு வேறு. பேனல் போட்ட பிறகு முதல் கட் போன வாரம் உச்சி வெயிலில் வந்தது. பேனலில் தூசி என்று நினைத்து நான் மாடிக்கு ஓடி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், கீழே அவள் தவித்துக்கொண்டிருந்தாள். சலூன்காரர்தான் ஓடிவந்து, ஒரு கையில் மெஷினை உருட்டிக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து கட் என்றால் அவள் சலூன் நாற்காலியில், நாம் கொடுத்த பேட்டரியில்தான் மூச்சு. என்னண்ணே, உங்க சூரியனுக்கு இன்னிக்கும் லீவா என்கிறார் அவர். கேட்டுக்கொள்கிறேன். பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கங்க என்றும் சொன்னார், அம்மாதான் விடவில்லை. கொடுத்ததைப் பிடுங்கி அந்தத் தம்பியை இருட்டுல கத்தரி பிடிக்க விடணுமா, தினம் வந்து முடி வெட்டிக்காம எந்திரிச்சுப் போறேனே, அதுவே அவருக்கு நஷ்டம் என்று சிரித்தாள். ஆனால் குழாய் மாட்டிய தன் முகம் தனக்குத் தெரியாதபடி நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டிப் போடச் சொன்னதையும் நான் பார்த்தேன்.

பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. கைக்குழந்தையோடு நீ வேலைக்குப் போகாமல் இருக்கிறாய். பேனலுக்கு நம் பங்கைக் கட்டியதில் என் சேமிப்பு கரைந்தது, மெல்லச் சேர்த்துக்கொள்வேன். நீ அங்கே பேனல் மாட்டுவதாக இருந்தால், பில் குறையுமா என்று கேட்காதே, எல்லாரும் ஆமாம் என்பார்கள். கரண்ட் போனால் விளக்கு எரியுமா என்று கேள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். பேட்டரியையும் மானியத்தில் சேர்ப்பதா என்று அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் உத்தரவு வருமாம். ஏற்கெனவே மானியம் வாங்கியவர்களுக்கும் உண்டா என்று கேட்டேன், அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார் பொறியாளரம்மா. அதுவரை மத்தியானம் நீ கூப்பிட்டு அம்மா எடுக்காவிட்டால் பதறாதே. சலூன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அங்கே கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா