முதல் நட்சத்திரம் வரும்வரை

அன்புள்ள மகன் ஓரெஸ்ட்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும், இங்கும் சுகம் என்று எழுதினால் பொய். உன் தங்கை லெசியாவின் கையை அப்பா ஒடித்தது நிஜம். அந்த ஆள் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று போனில் சொன்னாயே, முதலில் இதை முழுசாகப் படி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நட்சத்திரம் தெரியும்வரை நம் வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை. அப்பா காலையில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு அப்படியே பட்டினி. அன்று பார்த்து வானம் முழுக்க மேகம். லெசியா "இருட்டிருச்சுப்பா, போதும், சாப்பிடுங்க" என்றாள், "மேகத்தைப் பாத்து விரதத்தை விட நான் என்ன உன் புருஷனா" என்றார், மாப்பிள்ளை நெஸ்டர்கூடச் சிரித்தான். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் அவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஒரு கட்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வார். அன்று நடுக்கமே இல்லை, வேர்த்துக் கொட்டியது, அடுப்புச் சூடு என்று நினைத்தேன். விரதம் முடிக்க வழக்கமான பன்னிரண்டு பதார்த்தமும் வைத்த மேசையைத் திடீரென்று கவிழ்த்தார். கொதிக்கும் பீட்ரூட் சூப் நெஸ்டரின் தொடையில் கொட்டியது, நாற்காலியால் அவன் மண்டையைப் பிளந்தார், குறுக்கே வந்த லெசியாவின் கையை முறுக்கினார், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கழுத்தை நெரித்துச் சுவரோடு சாத்தி "யாருடி நீ, என் வீட்ல" என்றார். நெஸ்டர் விறகுக் கட்டையால் அடித்துத்தான் விழுந்தார், அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அவரைக் கண் திறக்கவைத்த டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதுகிறேன். இதயத்துக்குப் புதிதாகக் கொடுத்த மாத்திரை துடிப்பை அடக்குகிற மாத்திரையாம், சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கத்தையும் படபடப்பையும் சேர்த்து மறைத்துவிடுமாம், வேர்வை மட்டும் மிஞ்சும், மூளைக்குச் சர்க்கரை போகாமல் சிலருக்கு வெறியே பிடிக்குமாம். அந்த மாத்திரையை அடுப்பில் போடுகிறேன் என்றேன், சட்டென்று நிறுத்தினால் மாரடைப்பே வரலாம் என்று என்னைத் திட்டினாள். இனி அவருக்கு விரதம் கிடையாது, வேளைக்குச் சாப்பாடு, விரலைக் குத்திப் பார்ப்பது என் வேலை. போலீஸ் நம் வாசலுக்கு வந்ததில்லை, வரவும் விட மாட்டேன்.

அப்பாவுக்கு ஒன்றும் நினைவில்லை. தான் மயங்கி விழுந்ததாகத்தான் நினைக்கிறார். லெசியாவின் கையில் மாவுக்கட்டைப் பார்த்து "யாரும்மா ஒடிச்சது, சொல்லு, அவன் கையை நான் முறிக்கிறேன்" என்றார். பனியில் வழுக்கிவிட்டேன் என்றாள். நாங்களும் அதையே சொன்னோம். ஈஸ்டருக்கு நீ வராவிட்டால் ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்பார், அன்று நான் சொல்லியாக வேண்டும்.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு, சண்டையாவது போடு. வந்தால் அவர் முன்னால் லெசியாவின் கையைப் பார்க்காதே.

உன் அம்மா
பரஸ்கா