காலையில் வந்த மாலைப் பத்திரிகையின் ஆசிரியருக்கு

சம்பளம் வாங்காத ஆசிரியனும் என் ஒரே மச்சானுமான சந்திரனுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதமாகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். அதை உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உன் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். முந்தாநாள்தான் சொன்னேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, மச்சான்.

முதலில் ஊர்ச் செய்தி. யாங்கோனில் நம் தாகேதாப் பக்கம் கரண்ட் முறை வைத்து வருகிறது, அந்த முறையும் முறையாக வருவதில்லை. டவுனுக்குள் கியாக்டடாவில் என் ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் மெஷினுக்கு முன்னால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுக்க வரும் இளவட்டங்கள். யாரும் எங்கே போகிறோம் என்று சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. நம் தெரு டீக்கடைக்காரர் ஊ லா மாங் பாலைக் குறைத்து விலையை ஏற்றிவிட்டார். நீ இருந்திருந்தால் இதை முதல் பக்கத்தில் போட்டிருப்பாய், இல்லையா?

இதை நாளைக்கு எங்கள் மகனும் மற்றவர்களும் படிக்கக்கூடும், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது மூடப்பட்ட பிறகு வேலையில்லாமல் சுற்றிய நாட்களில், பான்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் வாராந்தரி. ஐம்பது அறுபது வருஷத்துப் பழசு. அதில் ஒரு முட்டைக்கோஸ் இரண்டாம் பரிசு வாங்கியதற்குப் படம் போட்டிருந்தான். பஸ்ஸில் யாரோ தொப்பியை மறந்துவிட்டுப் போனது மூன்று பத்திச் செய்தி.

"அத்தான், முட்டைக்கோசுக்குப் போட்டோ போடுறாங்கன்னா அந்த ஊர்ல அந்த வாரம் வேற எதுவுமே நடக்கல. நினைச்சுப் பாருங்க," என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

அப்படித்தான் 'கிழக்குத் தாகேதா ஈவினிங் விட்னஸ்' பிறந்தது. பெயர்தான் மாலைப் பத்திரிகை, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் வரும். ஒரே தாள், இரண்டு பக்கம், நம் தெருவைத் தவிர உலகத்தில் வேறு தெருவே கிடையாது என்கிற தோரணை. எல்லாம் அந்த இங்கிலீஷ்காரனின் உப்புச்சப்பில்லாத கம்பீர நடையில், இங்கிலீஷிலேயே. நீ எழுதுவாய், நான் என் கடையில் அடித்து நகல் எடுப்பேன், டீக்கடைச் சுவரில் ஒட்டுவோம். ரிட்டயர்டு வாத்தியார் சயா ஊ தெய்ன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் பர்மியில் வாசிப்பார். தெருவே மோஹிங்கா மீன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்து கேட்கும்.

எத்தனை செய்திகள், மச்சான். காணாமல் போன டீக்கடை நாற்காலி மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது, எங்கே போயிருந்தது என்பது பற்றிக் கருத்துக் கூற மறுத்துவிட்டது. சாக்கடை மூடி பற்றி விவாதிக்கக் கூடிய கூட்டம், தலைவர் சாக்கடைக்குள் இருந்ததால் ஒத்திவைக்கப்பட்டது. விற்பனைக்கு ஒரு ஜெனரேட்டர், சத்தம் மட்டும் வரும். ஆசிரியருக்குக் கடிதம் என்று நீயே எழுதிக்கொள்வாய்: 'ஐயா, என் போன கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. அதுதான் சரி.' பிறகு அந்தச் சேவல். நம் தெருவிலுள்ள கோ டூவின் சேவல் செத்துவிட்டதாக ஒரு மாதம் இரங்கல் போட்டாய். அடுத்த மாதம், சேவல் நேரிலேயே வந்து ஆட்சேபம் தெரிவித்ததாக வருத்தம் தெரிவித்தாய். கோ டூ அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறான்.

ஏன் இங்கிலீஷில் எழுதுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "பர்மியில எழுதினா நிஜம்னு நினைச்சிடுவாங்க. தமிழ்ல எழுதினா படிக்க ஆள் இல்ல. இங்கிலீஷ்னாதான் அத்தான் யாரும் நம்பமாட்டாங்க," என்றாய். அந்த வார்த்தையை நான் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

இனி உனக்குத் தெரியாதது. புதன்கிழமை சாயங்காலம் உனக்கு நெஞ்சு அடைத்து, கையில் கிடைத்த டாக்சியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, அப்போது வீட்டைப் பூட்டினதுதான். தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மிங்கலாடோனில் இருக்கிற எங்கள் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை நீ போய்விட்டாய். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை, ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகச் சுடுகாட்டுக்கு என்று முடிவானது. மறுநாள் பகல் ஒரு மணி. அக்கா என்னிடம் சொன்ன ஒரே வேலை, "தெருவுக்குச் சொல்லிட்டு வாங்க. அவனுக்கு அவங்கதான் எல்லாம்."

கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் நம் பத்திரிகையின் தாள்தான் முதலில் நின்றது, தலைப்பு, கோடு, எழுத்தெல்லாம் தயாராக. தெரியாமல் அதில் அடித்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய், அவ்வளவு நல்லவன் நீ. ஆனால் தெரிந்துதான் அடித்தேன். உனக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் உன் வரிகளை அடித்துக்கொடுத்தவனுக்கு, ஒரே ஒரு தடவை தானும் உன்னை மாதிரி எழுதிக் காட்டவேண்டும் என்று ஒரு ஆசை. செத்த வீட்டில் அந்த ஆசை எப்படி வந்ததோ தெரியவில்லை.

நான் இங்கிலீஷில் எழுதினது, தமிழில் சொன்னால் இது: 'நம் ஆசிரியர் சனிக்கிழமை காலமானார். மாலைப் பத்திரிகையின் வழக்கப்படி இதுவும் காலையிலேயே நடந்தது. இறுதிச் சடங்கு ஞாயிறு பகல் ஒரு மணி. தெருமுனையிலிருந்து பஸ் உண்டு. வர இயலாதவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஆசிரியர் பதில் எழுதமாட்டார்.'

மறுநாள் விடியற்காலையில், டீக்கடை திறக்கும் முன்பே வழக்கமான சுவரில் ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. தட்டினால் அழுதுவிடுவேன் என்று பயம். அது மாதத்தின் முதல் ஞாயிறு என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

மீதியை ஊ லா மாங் அப்புறம் சொன்னார். சயா வழக்கம்போல வாசித்திருக்கிறார். தெரு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. தெருமுனையில் பஸ் வந்து நின்றதும், உன் பர்மியப் பெயரைச் சொல்லி, கோ சான் லின் இந்தத் தடவை பஸ்ஸே பிடித்துவிட்டான் என்று கை தட்டியிருக்கிறார்கள். நீ எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று டிரைவரிடம் விசாரித்திருக்கிறார்கள். டிரைவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் காலிப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தான்.

இந்த ஊரில் ஒரு சாவு என்றால் தெருவே பஸ் ஏறும். உன் அக்கா அதைப் பார்த்து வளர்ந்தவள், எத்தனை சாவுக்கு அவளும் ஏறிப் போயிருக்கிறாள். உனக்கு நின்றது நாங்கள் இரண்டு பேர், எங்கள் மகன், கோயிலிலிருந்து வந்த இரண்டு பேர். "இன்னும் பத்து நிமிஷம்" என்று அக்கா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சுடுகாட்டு ஆள் சரி என்றான். காலிப் பஸ்ஸைப் பார்த்த பிறகு அவள் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். "தெருவுக்குச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். நோட்டீஸ் ஒட்டினேன்."

"அப்ப தெரிஞ்சுதான் வரல," என்றாள். பிறகு, "மூணு தலைமுறையா இங்க கிடந்து என்ன? நாம வேற ஆளுங்கதான்னு காட்டிட்டாங்க," என்றாள்.

அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

சாயங்காலம் நீயில்லாமல் நாங்கள் திரும்பியதைப் பார்த்ததும் விஷயம் புரிந்து தெரு மொத்தமும் வாசலில் வந்து நின்றது. சயா செருப்பில்லாமல் வந்திருந்தார். அக்கா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். நான்தான் வெளியே போய், "இப்ப வேணாம், நானே அவகிட்ட எடுத்துச் சொல்றேன்," என்று அனுப்பிவைத்தேன். அவர்களும் என்னை நம்பிப் போனார்கள். அதன்பிறகு ஊ லா மாங் அவ்வப்போது கேட்பார், "சொல்லிட்டியா?" சொல்லுவேன் என்பேன். ஒரு ஆள்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் தெருவில் தலை நிமிராமல் நடந்தாள். கடைக்குப் போக அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் பக்கத்திலேயே நடந்தேன், மச்சான். அவள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே நடந்தேன்.

அடுத்த மாதம் உன் ஆண்டுத் திதி. அதை மிங்கலாடோனில் மகன் வீட்டில் வைத்துக்கொண்டு அப்படியே அங்கேயே இருந்துவிடலாம் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். முந்தாநாள் மத்தியானம் பாத்திரங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை. அந்த வீட்டில் அவள் பிறந்தாள், நீ பிறந்தாய். பெட்டியை மூடப் போனபோது சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. முழுதும் சொன்னேன், என் ஆசை உட்பட.

அவள் பெட்டி மூடியிலிருந்து கையை எடுத்தாள். "பதினோரு மாசம்," என்றாள். பிறகு, "அந்தத் தாள் இருக்கா?"

இருந்தது. என் பையிலேயே இருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படிங்க."

தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரியாக. என் வாழ்க்கையில் அத்தனை கூச்சப்பட்டதில்லை. 'ஆசிரியர் பதில் எழுதமாட்டார்' என்கிற இடத்தில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது என்று இப்போதும் நம்புகிறேன். சுடுகாட்டில்கூட அழாதவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கிட்டே போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே இறங்கினாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை, பின்னாலேயே போனேன். நேராக டீக்கடைக்குப் போனாள். சயா இருந்தார், கோ டூ இருந்தான், இன்னும் நாலைந்து பேர். அவள் நடுவில் நின்று பர்மியில் சொன்னாள்:

"என் தம்பி சான் லின் இறந்துட்டான். உங்க யாருக்கும் யாரும் சொல்லல. நான் சொல்றேன்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஊ லா மாங் அடுப்பை அணைத்தார். சயா அவள் முன்னால் வந்து, "எப்போம்மா?" என்று கேட்டார். இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிற மாதிரி. அவள் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, என்ன செய்தது, கடைசியாக என்ன பேசினாய், எல்லாம் சொன்னாள். அவர்கள் நின்றபடியே கேட்டார்கள். கோ டூ சத்தமாக அழுதான். பதினோரு மாதம் தாமதமாக உன் சாவு நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

திதி எங்கே என்று அவள் இன்னும் சொல்லவில்லை. பெட்டி திறந்தபடி கிடக்கிறது. நேற்று அவள் சயா வீட்டுத் தின்பண்டம் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எனக்குத் தரவில்லை. தெருவோடு பேசுகிறாள், என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அது நியாயம்தான், மச்சான். எத்தனை மாதமானாலும் நான் வாயைத் திறந்து குறை சொல்லமாட்டேன்.

நீ என்மேல் கோபப்பட்டிருப்பாயா? நோட்டீஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு வரி அதிகம் என்று சொல்லியிருப்பாயா? இரண்டும் கேட்க ஆசையாக இருக்கிறது.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும், அவள் முகத்தைப் பார்த்து, என் வாயால், அன்றைக்கே சொல்வேன். அவள் பதில் பேசாவிட்டாலும் சொல்வேன். இன்றைக்குக் காலையில் ஆரம்பித்துவிட்டேன். "உன் தம்பி ஞாபகமாவே இருக்கு" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் அத்தான் முருகேசன்
தாகேதா, யாங்கோன்