அந்தோனியாரிடம் மாற்றிச் சொன்னது

பாலக்கோடு,
10.11.2025, திங்கள்.

அன்பு மகள் ஜோஸ்பினுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நான், அப்பா, உன் அண்ணன் மரிய ஆனந்த், கொழுகொழுவென்று வளர்ந்துவிட்ட ஆட்டுக்கிடா, எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப் போவதில்லை. நேற்று போனில் நீ மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. ஏணிப் பரீட்சையில் பாதி உயரத்தில் கை நடுங்கி இறங்கிவிட்டேன், வரும் சனிக்கிழமை இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான், அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாய். அதற்குள் அப்பா போனைப் பிடுங்கி, அங்கே மழையா என்று ஆரம்பித்துவிட்டார். உங்கள் தீயணைப்புப் பயிற்சி மையத்தில் வாரத்துக்குப் பத்து நிமிடம்தான் போன் தருகிறார்கள். அதில் ஏழு நிமிடம் அவருக்கு மழை விசாரிக்கவே போய்விடுகிறது.

அதனால்தான் கடிதம். இன்னொன்று, நான் சொல்லப்போவதை அப்பாவும் ஆனந்தும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லவும் முடியாது. அதற்கு முன் ஸ்கூட்டர் கதையைக் கேள்.

ஆனந்த் ஆசை ஆசையாய் வாங்கிய பேட்டரி ஸ்கூட்டரை நடுவீட்டில், வாசலை ஒட்டி, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி சார்ஜ் போடுவான் அல்லவா? போன மாதக் கடிதத்தில் நீ இரண்டு பக்கம் அதைப் பற்றியே எழுதியிருந்தாய். வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள், வெளியே ஓடும் வழியை அடைத்து நிறுத்தாதீர்கள், ஓட்டி வந்த சூட்டோடு வயரைச் சொருகாதீர்கள், பேட்டரி பற்றிக்கொண்டால் அணைந்த மாதிரி நடித்துவிட்டு மறுபடியும் எரியும், புகை விஷம், கிட்டப் போகாதீர்கள் என்று. அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை, வண்டிக்கு இரண்டு பக்கமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாளே ஆனந்தோடு சண்டை போட்டு, வண்டியைக் கொல்லையில் இருக்கும் தகரக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டேன். உன் பேச்சை மதித்து என்று நினைத்துவிடாதே. தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொண்டது எனக்குத்தானே தெரியும்.

முந்தாநாள் மதியம், அப்பா மார்க்கெட்டில் தக்காளி போட்டுவிட்டு வந்து, சாப்பிட்டு, கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் வெள்ளைப் புகை. கண்ணை மூடித் திறப்பதற்குள் தகரம் வரைக்கும் நெருப்பு. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பன் அண்ணன் ஓடிவந்து இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினார். அணைந்துவிட்டது. ஊரையே காப்பாற்றிய மாதிரி இடுப்பில் கை வைத்து, "அவ்ளோதாங்க, முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கிட்டே குனிந்தார். எனக்கு உன் எழுத்து கண் முன்னால் வந்து நின்றது. "அண்ணா, தள்ளி வாங்க, அது நடிக்குதுங்க!" என்று கத்திக்கொண்டே அவர் தோள் துண்டைப் பிடித்து இழுத்தேன். துண்டு என் கையில், அவர் தரையில், வண்டி மறுபடியும் தீயில். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. அவர் மட்டும் இன்று காலையில் வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

போன் செய்ததும் தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. தீ அணைந்த பிறகும் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு, சூட்டைக் காட்டும் கேமராவைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். தள்ளி நிற்கணும் என்று யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார். "எம் பொண்ணுதாங்க. உங்க டிபார்ட்மெண்டுலதான் ட்ரெயினிங்ல இருக்கா" என்றேன். "நெருப்பே மாறிப்போச்சுங்கம்மா. நாங்க வேலைக்கு வந்தப்போ கூரை வூடு, வைக்கப்போருன்னு போவோம். இனிமே இதுதான். உங்க பொண்ணு படிக்கிறத நாங்க இப்பத்தான் கத்துக்கறோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் டீ போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன். பாவம், மரியாதைக்குக் குடித்தார்கள்.

டம்ளர்களைக் கழுவப் போகும்போதுதான் அப்பாவின் கட்டிலைப் பார்த்தேன். போன மாதம் வரை வண்டி நின்ற இடத்துக்கும் அவர் தலையணைக்கும் இரண்டு முழம்தான். வெளியே ஓட இருக்கும் வாசலும் அது ஒன்றுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வண்டிக்காக அழுகிறேன் என்று நினைத்து, வேறு வாங்கிக்கொள்ளலாம் விடு என்று அப்பா என்னைத் தேற்றினார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஜூன் மாதம் நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் அந்தோனியாரிடம் ஒரு பொருத்தனை வைத்தேன். எல்லாரும் நெருப்பைக் கண்டு இந்தப் பக்கம் ஓடிவரும்போது, இவள் மட்டும் அந்தப் பக்கம் ஓடவா நான் பெற்றேன்? ஏதாவது ஒரு பரீட்சையில் தவறி வீடு வந்து சேரட்டும், வந்தால் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போடுகிறேன் என்று. கிறிஸ்துமசுக்கு என்று அப்பாவிடம் சொல்லி வளர்க்கும் கிடா அதுதான். உன்னைப் பெண் கேட்ட அரூர் மாப்பிள்ளை வீட்டாரிடமும், கொஞ்சம் பொறுங்கள், பெண் வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நேற்று நீ ஏணியில் தவறியதைச் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டாரே! கொடுத்தவரிடம் சண்டையா போட முடியும்? யாருக்கோ கேட்பது போல, வைத்த பொருத்தனையை மாற்றலாமா என்று கோயில் உபதேசியாரிடம் விசாரித்தேன். "ஆட்ட மாத்துனா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. வேண்டுதல மாத்தணும்னா நேர்ல போய்த்தான் பேசிக்கணும்" என்றார். பேசிவிட்டேன். முட்டி போட்டு, சத்தமாகவே சொன்னேன். ஐயா, நான் கேட்டது தப்பு, அதே கிடாதான், ஆனால் அவள் மேலே ஏறினால்தான் உமக்கு, குழப்பிக்கொள்ளாதீர் என்று. பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அரூருக்கும் போன் செய்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆள் இல்லாமலே நெருப்புக்குள்ளே போகிற குட்டி வண்டி வந்துவிட்டது, மேலிருந்து பார்க்க டிரோன் இருக்கிறது என்று நீ சொன்னபோது, அப்புறம் உனக்கு எதற்கு ஏணி என்று கேட்டேன். "மெஷின் நெருப்ப அணைக்கும்மா. மாடியில பயந்து நிக்கறவங்கள கையப் புடிச்சு எறக்க ஆளு வேணாமா?" என்றாய். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த உன் அப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ வேலைக்குப் போகும் நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை கை நடுங்கினால் நடுங்கட்டும், அடுத்த படியைப் பிடி. இத்தனை நாளும் கீழேயிருந்து உன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது நான்தான், கண்ணு. கையை எடுத்துவிட்டேன். அந்தோனியார் உனக்கு முன்னால் ஏறட்டும், மாதா உன் முதுகைத் தாங்கட்டும். நீ ஏறு.

உன் அம்மா,
சகாயராணி