இடது முழங்காலுக்குப் பீங்கான்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். பூந்தமல்லி தோல் டாக்டரிடம் போனது. முதுகு நிறைய பிளாஸ்திரி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு உலோகப் பொட்டு, எது என் உடம்புக்கு ஆகாது என்று பார்க்க. நிக்கல், கோபால்ட், இன்னும் என்னென்னவோ. புதன் வரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. ஜூனில் ஆவடியில் வியர்க்காமல் இருப்பது எப்படி? பெண் டாக்டர், சிரித்துவிட்டாள்.

எல்லாம் வலது முழங்காலால். மாற்றி மூன்று வருடம். உள்ளே உலோகம். அன்றிலிருந்து வீக்கம், சூடு, தழும்பைச் சுற்றி அரிப்பு. கிருமி இல்லை, எக்ஸ்ரே சுத்தம். அன்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னது: "மனசுதான் மேடம், கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்க." பி.டி. டீச்சரான என்னிடம்!

இப்போது இடதும் போய்விட்டது. புதிதாகப் பார்க்கும் அம்பத்தூர் எலும்பு டாக்டர் கேட்டார்: "கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுமா?" ஆகும். சின்ன வயதிலிருந்தே. இதை யாரும் கேட்டதில்லை.

ஜூன் 10, செவ்வாய்
முதுகில் ஒரே ஒரு இடம் எரிகிறது. சொறிய ஸ்கேலை எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு நான் நடந்துகொண்டே. உட்கார்ந்தால் முதுகு, நடந்தால் கால்.

ஆட்டோ மூர்த்தி: "இன்னா டீச்சர், சீட்ல சாயாம குந்திகினு வர்றே?" சொன்னேன். "முதுவுல இரும்பு டெஸ்ட்டா! இன்னான்னமோ கண்டுபுடிக்கிறானுங்கோ."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், உலோகத்துக்குப் பதில் செராமிக் மூட்டு வைப்பது பற்றிப் பேச்செடுத்தேன். தொழிற்சாலையில் ஃபிட்டர், வாழ்க்கை முழுதும் இரும்போடுதான். "பீங்கான்ங்கே. மாடி ஏறும்போ டம்ளர் மாதிரி படார்னு போச்சுன்னா என்ன செய்ய? உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்." துணி மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூன் 11, புதன்
பிளாஸ்திரி எடுத்தாயிற்று. நிக்கல் இருந்த இடம் நல்ல சிவப்பு. கோபால்ட் லேசாக. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்த்துத்தான் முடிவாம். அதுவரை என்ன செய்வது? பரணைச் சுத்தம் செய்யலாமென்று ஸ்டூல் எடுத்தேன். பைத்தியமா எனக்கு.

ஜூன் 13, வெள்ளி
நிக்கல் இடத்தில் கொப்புளமே போட்டுவிட்டது. அவரும் வந்திருந்தார். டாக்டர் அவரைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினாள். நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்து கரையான்சாவடி வரை போனோம். டீக்கடை முன்னால் நின்று, "நானும் மனசுன்னுதானே சொன்னேன்" என்றார்.

மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த சண்டை. டீ ஆறிப்போனது. கோபம் மட்டும் ஆறவில்லை.

ஜூன் 14, சனி
அம்பத்தூர். டாக்டர், சாம்பிள் மூட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். கறுப்பு, வழவழப்பு. "முழு செராமிக் முட்டி இன்னும் பரவலா வரல. இது உள்ளே சிர்கோனியம்ங்கிற உலோகம், மேல்தோல் மட்டும் செராமிக். நிக்கல் இல்லைன்னே சொல்லலாம்."

வீட்டுக்காரர் வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். "இந்த மேல்தோல் உரியுமா?"

"பெயின்ட் மாதிரி பூசினதில்ல, உலோகமே மாறினது. சுலபமா உரியாது."

"இவளுக்கு நிச்சயம் சரியாயிருமா?"

"முதுகு சிவந்ததால முட்டிக்குள்ளயும் அதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தெரிஞ்சே அதே உலோகத்தை வைக்க மாட்டேன். முதல்ல இடது. வலதைத் திறக்கலாமான்னு அப்புறம் யோசிப்போம்."

"இதையே வச்சிருங்க டாக்டர்" என்றார் இவர்.

"கால் என்னோடது" என்றேன். "நான் சொல்றேன்."

அவர் கையிலிருந்து அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

ஜூலை 3, வியாழன்
ஆபரேஷன் முடிந்து வீட்டில். மழை வரும்போல இருந்து ஏமாற்றியது. வாக்கரோடு ஹாலில் நடை. படுக்கப் பிடிக்கவில்லை, நிற்க முடியவில்லை. இடது வீங்கித்தான் இருக்கிறது, சூடும் உண்டு. கத்தி வைத்த காலுக்கு அது சகஜமாம். நம்பலாமா தெரியவில்லை. கை அடிக்கடி அங்கேயே போகிறது.

அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "அரிக்கா?"

"இல்ல."

வலதைத் தொட்டார். "இது?"

"அரிக்குது."

"எந்த இடத்துல?"

காட்டினேன்.